ஏழு குடம்

வச்சது நீதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைக் காட்டாதே. நட்சத்திரம் விழுந்ததாம், அது மலையைக் கொளுத்தியதாம், ஊரே ஒத்துக்கொண்டதாம். உனக்கு நல்ல வசதி. நட்சத்திரம் வந்து சாட்சி சொல்லப் போகிறதா, இல்லை வக்கீல் வைத்து வழக்காடப் போகிறதா? இப்படி யாரையோ மனசுக்குள் பிடித்து உலுக்கிக்கொண்டு, பிச்சைமணி சலூனின் சுழல் நாற்காலியில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியும் முகம் நிறைய சோப்பு நுரையுமாகச் சாய்ந்திருந்தார் சுருளியாண்டி. சுனையம்பட்டியில் அவருக்குப் பஞ்சுக்காரர் என்று பேர். இலவந்தோப்புகளை ஒத்திக்கும் குத்தகைக்கும் பிடித்துக் காய் எடுத்து விற்கிறவர். புதன்கிழமை தவறாமல் சவரத்துக்கு வருவார், செவ்வாய் கடை விடுமுறை என்பதால் புதன் கூட்டமாக இருக்கும், கூட்டமாக இருந்தால் பேச்சும் நிறைய இருக்கும். இன்றைக்குப் பேச்செல்லாம் மலை. எதிர்க் கண்ணாடியில் அவர் முகம், முகத்துக்குப் பின்னால் வாசல், வாசலுக்கு அந்தப் பக்கம் தார் ரோடு, ரோட்டுக்கு எதிரே வனத்துறை செக்போஸ்ட், பக்கத்தில் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் மேலே ஏழுசுத்து மலை, மலையின் உச்சியில் பஞ்சைப் பிய்த்து வைத்தாற்போல் புகை. முதுகுப் பக்கச் சுவரிலும் பிச்சைமணி ஒரு கண்ணாடி மாட்டியிருந்தான். ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்து சுருளியாண்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"பச்சையா இருந்துச்சுய்யா," என்றார் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னாசிமுத்து. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், இருபது நிமிஷத்தில் இதை மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். "திங்கக்கிழமை, மசங்குற நேரம். மாடியில கட்டில் போட்டுப் படுத்திருக்கேன். சர்ர்ருனு ஒண்ணு. மொட்டப்பாறைக்குப் பின்னாடி இறங்குச்சு. மறுநாள் விடிய அங்கயே புகை. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" பக்கத்தில் இருந்த காசிம் ராவுத்தர், மாந்தோப்பு வைத்திருப்பவர், பேப்பரை மடக்காமலே சொன்னார்: "கண்புரையை அறுங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லி வருஷம் மூணாச்சு. அறுக்காம வச்சிருந்தா நட்சத்திரம் பச்சையாத்தான் தெரியும், பாட்டியா கூடத் தெரியும்." பிச்சைமணி சிரித்தான், சிரித்தபோது பிரஷ் காதுக்குள் போய்வந்தது. "இல்ல பாய், பாரஸ்டரும் அதத்தான் சொல்றாரு. செயற்கைக்கோள்ல இருந்து போனுக்குப் படம் வருதாம்ல. மேலதான் சிவப்புப் புள்ளி இருக்காம். கீழ ஒண்ணும் இல்லையாம்." செயற்கைக்கோள். அதுவும் வானம்தான். வானத்தில் ஒருத்தன் குற்றவாளி, வானத்திலேயே ஒருத்தன் சாட்சி. கீழே நுரைக்குள் ஒருத்தன். சுருளியாண்டி கண்ணாடியில் தன் கண்களைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்து அலமாரியிலிருந்த படிகாரக் கட்டி மேல் வைத்தார். நேற்று இதே விஷயத்தைச் சொல்லிப் போடி சந்தையில் இவரே கத்தினார், நட்சத்திரம்தான், நானே பார்த்தேன் என்று. பார்க்கவில்லை. ஆனால் நேற்று அது பொய்யாக இருக்கவில்லை, எல்லோரும் சொன்னதை அவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார், அவ்வளவுதான். இன்று காலை ஆறு மணிக்குத் தோப்புக்குப் போய்ப் பார்க்கிறவரை அவரும் நட்சத்திரத்தின் கட்சிதான்.

பிச்சைமணி கத்தியில் புது பிளேடைச் சொருகினான். இடது கன்னத்தில் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. நுரை ஒதுங்கி, வெயிலில் கறுத்த தோல் ஒரு பாதை மாதிரித் தெரிந்தது, தீக்கோடு மாதிரி, தை மாசத்தில் வனத்துறை வாச்சர்கள் புல்லைச் செதுக்கி மலையில் போட்டுவைக்கிற கோடு மாதிரி. தீ அதுவரை வரும், அதைத் தாண்டாது என்பது கணக்கு. வாச்சர் வைரவன்தான் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தான், சொல்லிக்கொடுத்ததே ஒரு பேரத்துக்கு நடுவில். இலவங்காய் வெடிக்கிற காலம், வெடித்த பஞ்சு கீழே காய்ந்த புல்லில் விழுந்தால் பொறுக்கி மாளாது, புல்லைக் கொளுத்தினால் தரை சுத்தமாகிவிடும். கொளுத்தக்கூடாது மாமா, அறுங்க என்றான் வைரவன். அறுக்க ஆள் ஏதுடா என்றார் இவர். அவன் முடியாது என்றான், இவர் முடியும் என்றார், அவன் திரும்பி நடந்தான், இவர் கூடவே நடந்தார், இப்படி ஒரு முழு மத்தியானம். கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான். "சரி. விடியக்காலம் பனி இருக்கையில வைங்க. சுத்திச் செதுக்கிட்டு வைங்க. ஓடைப் பக்கம் ஒரு பட்டுப்போன இலவந்தூரு நிக்குதுல்ல, உள்ள பொந்து, அதுலதான் ஆபத்து. மேல அணைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள மூணு நாளைக்குக் கனலும். அதுல ஏழு குடம் தண்ணி ஊத்துங்க." சுருளியாண்டி யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று: "ஏழு ஜாஸ்திடா. நாலு." வைரவன் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, நான் என்ன தண்ணியா விக்கிறேன்? தீ கேக்குறது ஏழு." "அஞ்சு வச்சுக்க." "ஏழு மாமா." "சரிடா, ஏழு, போ." ஏழு என்று ஒத்துக்கொண்டது அவனை அனுப்ப. திங்கட்கிழமை விடியலில் எல்லாம் அவன் சொன்னபடியே செய்தார், பனி இருந்தது, செதுக்கினார், காற்று இல்லை, புல் சாதுவாக எரிந்து அடங்கிற்று. தூரில் நாலு குடம் ஊற்றினார். ஓடைக் குழியிலிருந்து மேட்டுக்கு நாலு தடவை. சீத்துச் சீத்தென்று ஆவி வந்தது, அப்புறம் வரவில்லை. கை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. பார்த்தாயா, நாலே போதும் என்று வைரவனை மனசுக்குள் ஜெயித்துவிட்டு, குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து ஒரு பீடி குடித்தார். அந்தப் பீடியைக்கூட எச்சில் துப்பி அணைத்துத்தான் போட்டார். அவ்வளவு ஜாக்கிரதை.

எதைக் கேட்டாலும் குறைப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. பதினாறு வயதில் முதல்முதலாக ஒரு வண்டிக் காயை, சொன்ன விலைக்கு அப்படியே வாங்கிவிட்டு வந்தபோது சந்தையில் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, அதை அமுக்கத்தான் நாற்பது வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். காலில் அரிவாள் பட்டபோது பத்துத் தையல் என்ற டாக்டரிடம் எட்டுக்கு முடிங்க என்றார். சுருளிக் கோயிலில் கிடா நேர்ந்துவிட்டுச் சேவலைக் கொண்டுபோனார். சாமியும் வாங்கிக்கொண்டது. "எமன் வந்து நின்னாலும் ஒரு நாள் முன்னப்பின்ன ஆகட்டும்னு கேப்பீரு," என்பாள் சம்சாரம் அமராவதி. சிரிப்பதற்குச் சொன்னது. இன்று காலை தூர் இருந்த இடத்தில் தூர் இல்லை. பொந்து வழியே வேர், வேர் வழியே மண்ணுக்கடியில், செதுக்கிய கோட்டுக்கு அடியில் கனல் புகுந்து அந்தப் பக்கம் வந்திருக்கிறது. கரட்டு மேட்டுக்குப் பின்புறம் என்பதால் ஊருக்குத் தெரியாமல் மேலே ஏறியிருக்கிறது, உச்சியில் போய்த்தான் தலையைக் காட்டியிருக்கிறது. மேலே ஏறிய கறுப்புத் தடத்தைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் இன்னொன்றையும் பார்த்தார். ஓடை வாயில், சருகு மெத்தைக்கு அடியில், சின்னதாக, ஒரு சாண் உயரம்கூட இல்லாத தீ, அவசரமில்லாமல், பாம்பு ஊர்கிற மாதிரி. கிளையை ஒடித்து அடித்தார். ஒரு இடத்தில் அடித்தால் நாலு அடி தள்ளி எழுந்தது. வேட்டி ஓரம் பொசுங்கிற்று. கோபம் வந்தது, தீயைப் பார்த்துக் கெட்ட வார்த்தையாகத் திட்டினார், அதற்கு அது பதில் பேரம் பேசவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கி வந்தார். நேராக செக்போஸ்டுக்குத்தான் நடந்தார். அங்கே பாரஸ்டர் ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு, "நட்சத்திரம்கிறாங்க, சரி. மனுசன் எவனாவது வச்சிருந்தான்னு வையி, கையில கிடைச்சான், பெயிலே கிடையாது," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். கால் தானாகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பிற்று. ஆள்கள் ஜீப் ரோட்டில் முன்பக்கமாகத்தானே ஏறுவார்கள், ஓடை எங்கே அவர்கள் எங்கே, அந்தத் தீ ஓடைப் பாறையில் முட்டித் தானே அவியும், ஒருவேளை சாயங்காலம் மழை வரும். இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்தார். ஏழை ஆறாக்கி, ஆறை அஞ்சாக்கி. "மழை வருமா பாய்?" என்று இன்னாசிமுத்து கேட்டது இப்போது அவர் மனசுக்குள் கேட்ட மாதிரியே இருந்தது. "நேத்து மேக்க மின்னுச்சே." ராவுத்தர் பேப்பரைத் தாழ்த்தினார். "மின்னுனது கம்பம் டவுனுக்கு. பேஞ்சதும் அங்கதான். நமக்கு இருபத்தெட்டு நாளா ஒரு தூத்தல் இல்ல. மாம்பிஞ்சு பூராம் கொட்டுது. மேகம் வருது, எட்டிப் பாக்குது, விசாரிச்சிட்டுப் போயிருது." "பொண்ணு பாக்க வந்த மாதிரி," என்றான் பிச்சைமணி. "ஆமா, பஜ்ஜியைத் தின்னுட்டுப் போறானுங்க," என்றார் ராவுத்தர். மூன்று பேரும் சிரித்தார்கள். வெள்ளைத் துணி மேல் ஒரு சாம்பல் இணுக்கு வந்து இறங்கிற்று, நீளமாக, புல்லின் வடிவம் கெடாமல். சுக்குநாறிப் புல். அந்த எலுமிச்சை மாதிரி வாசனையும் கூடவே வந்தது, சோப்பு வாசனையோடு கலந்து, கெட்டுப்போன சர்பத் மாதிரி. பிச்சைமணி அதை ஊதித் தள்ளினான். துணியில் சாம்பல் கோடு மட்டும் நின்றது.

"இன்னிக்கு இன்னொரு கூத்து தெரியுமா," என்றான் பிச்சைமணி, அவர் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தி. "நிழல் விழாத நாளாம். பன்னெண்டு இருபதுக்குச் சூரியன் நேர் உச்சியில நிக்குமாம், நிழல் காலுக்கடியில பூந்துக்குமாம். டீச்சரம்மா பிள்ளைகளை வெளிய கொண்டாந்து பாட்டிலை நட்டு வச்சிருக்கு பாருங்க." கண்ணாடியில் பார்த்தார். பள்ளிக்கூட வாசலில் சிமெண்டுத் தரையில் ஒரு தண்ணீர் பாட்டில், சுற்றிலும் பிள்ளைகள் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். பாட்டிலின் நிழல் ஒரு விரற்கடைதான் மிச்சம். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஏழு. அதற்குக் கீழே தினக் காலண்டர். அதன் தாள் காலையிலிருந்து ஆடாமல் கிடந்தது, இப்போது மெல்ல ஒரு முறை எழும்பிப் படிந்தது. அவர் அதைப் பார்த்தார். வைரவன் சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது, அதுவும் அந்தப் பேரத்துக்கு நடுவில்: "காலையில காத்து மலையில இருந்து இறங்கும் மாமா. பன்னெண்டுக்கு மேல திரும்பி ஏறும். காத்து ஏறுனா தீயும் ஏறும். ஓட்டமா ஏறும். ஓடை புகைக்கூண்டு மாதிரி. உள்ள மாட்டுனவன் வெளிய வரமாட்டான்." எழும்பிய தாள் உள்ளேயிருந்து வாசல் பக்கம், மலைப் பக்கமாகவா எழும்பிற்று? ஒரு தடவைதான். ஒரு தடவை கணக்கில்லை.

அப்போது செல்லத்தாய் உள்ளே வந்தாள். வைரவனின் மனைவி. காலையிலிருந்து தூக்குவாளியோடு செக்போஸ்ட் புளியமரத்தடியில் நிற்கிறவள். "அண்ணே, இந்தப் போனை சார்ஜ்ல போடுங்கண்ணே. அங்க பிளக்கு பூராம் வயர்லெஸ்ஸுக்கு மாட்டிட்டாக." பிச்சைமணி கத்தியை வலது கையில் மேலே தூக்கிப் பிடித்தபடியே இடது கையால் வாங்கிச் சொருகினான். "பேசுனானா ஆத்தா?" என்றார் இன்னாசிமுத்து. "பதினோரு மணிக்குப் பேசுனாரு தாத்தா. நாலு பேரும் ஜீப் ரோட்டுல இருந்து குறுக்க எறங்கி ஓடை வழியா ஏறுறோம்னாரு. ஜீப் ரோடு ஒரே வெயிலாம், ஓடை நெழலா இருக்காம், சுருக்கா மேல போயி தீக்கு முன்னாடி கோடு வெட்டிரலாம்னாரு. தீ மேலதானே, எங்களுக்கு இன்னும் ரொம்பத் தூரம், பயப்படாத, அப்படின்னாரு." அதைச் சொல்லும்போது அவள் முகம் பயப்படாமலே இருந்தது, யாரோ சொல்லி வைத்த முகம். பிறகு கண்ணாடி வழியாக அவரைக் கண்டுகொண்டாள். "பெரியப்பா, உங்க தோப்பு ஓடைதான அது? காலையில போயிட்டு வந்திருப்பீகள்ல. அங்க ஒண்ணும் இல்லையே?" பிச்சைமணியின் கத்தி தொண்டைக்குழிக்கு வந்திருந்தது. "ஆடாதீக, பேசாதீக," என்றான். சுருளியாண்டியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ம்ம். அவ்வளவுதான். உண்டு என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நாற்பது வருஷமாக எத்தனையோ வியாபாரிகளிடம் விட்ட சத்தம், கேட்கிறவன் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுகிற சத்தம். செல்லத்தாய் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டாள். "அப்பாடி," என்றாள். தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனாள். அந்த வாளிக்குள் சோறு இருக்கும், ரசம் இருக்கும், சின்ன டப்பியில் துவையல் இருக்கும், மத்தியானம் இறங்கி வருகிறவனுக்கு.

கத்தி தொண்டையைக் கடந்து வலது தாடைக்கு நகர்ந்தது. இனிப் பேசலாம். என்ன சொல்வது என்று பார்த்தார். ஓடையில் தீ இருக்கிறது என்று மட்டும் சொன்னால்? எப்ப பார்த்தீங்க என்பான் பாரஸ்டர். ஆறு மணிக்கு. ஆறு மணிக்குப் பார்த்துட்டு பன்னெண்டு மணிக்குச் சேவிங் பண்ணிக்கிட்டிருக்கீங்க? சரி, இப்போது போய் வந்தேன் என்றால்? மூன்று பேர் சாட்சி, ஒரு மணி நேரமாக இந்தக் கடையில். போனில் பேர் சொல்லாமல் கூப்பிட்டால்? மேலே சிவப்புப் புள்ளி, கீழே ஒன்றுமில்லை, போனை வைய்யா என்பான். தூரைச் சொல்லாமல் ஓடையை அவன் நம்பமாட்டான். தூரைச் சொன்னால் குடத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்தக் கவிழ்த்த குடத்தின் மேல்தான் வந்து உட்கார வேண்டியிருந்தது. இன்னாசிமுத்து மறுபடி ஆரம்பித்தார், "பச்சையா ஒரு வாலு." சுருளியாண்டிக்குச் சுரீரென்று ஏறிற்று. இந்த ஆள் வாயை மூடமாட்டானா, இவன் கண்புரையால்தான் எல்லாம், இவன் மட்டும் அந்த நட்சத்திரத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் ஊர் வேறு இடத்தில் தேடியிருக்கும், தோப்பில் வந்து பார்த்திருக்கும், தானாகவே கண்டுபிடித்திருக்கும், தன்னைச் சொல்ல வைத்திருக்காது. திட்டுவதற்கு வாயெடுத்தார். கண்ணாடியில் பத்துப் பேர் வாயெடுத்தார்கள். இன்னாசிமுத்துவைப் பார்த்து அல்ல, பத்துப் பேரும் இவரைப் பார்த்து. வச்சது நீதான் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது இவர்களில் யார் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ண வேண்டியதில்லை. காலண்டர் தாள் எழும்பிற்று. படியவில்லை. நின்றது, மலையைக் காட்டிக்கொண்டு. ராவுத்தரின் பேப்பர் மடியிலிருந்து சரசரவென்று எழ, அவர் இரண்டு கையாலும் அமுக்கினார். "காத்து திரும்பிருச்சுப்பா," என்றார் ராவுத்தர், வெயிலைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

சுருளியாண்டி எழுந்தார். "அண்ணே, இன்னும் ஒரு பக்கம்," என்றான் பிச்சைமணி. இடது கன்னம் வழவழவென்றும் வலது கன்னம் நுரையுமாக, கழுத்தில் கட்டிய துணி முழங்கால் வரை தொங்க, செருப்பு இல்லாமல் அவர் ரோட்டில் இறங்கினார். தார் காலைச் சுட்டது. சுடட்டும் என்று நினைக்கவில்லை, சுடுகிறது என்று மட்டும் தெரிந்தது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்தினார்கள்: "காணோம்! காணோம் டீச்சர்!" பாட்டிலுக்கு நிழல் இல்லை. மின்கம்பத்துக்கு இல்லை. அவர் குனிந்து பார்த்தார், தனக்கும் இல்லை, காலைச் சுற்றி ஒரு அழுக்கு வட்டம் மட்டும் இருந்தது. ஒரு குட்டிப்பெண் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். புளியமரத்தடியில் செல்லத்தாய் எழுந்து நின்றாள். இருபது அடி. பாரஸ்டர் ஒரு கையில் வயர்லெஸ்ஸும் ஒரு கையில் டீயுமாகத் திரும்பி, "என்ன பஞ்சுக்காரரே, பாதியில ஓடி வாரீக, காசு ஜாஸ்தி கேட்டானா?" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். வயர்லெஸ் கரகரத்தது, அதற்குள்ளிருந்து வைரவனின் குரல் மூச்சிரைப்போடு, பாதிதான் கேட்டது, ஓடையில் பாதி தூரம் வந்துட்டோம் சார், கீழ ஏதோ புகை வாசம். பாரஸ்டர் "மேல இருந்து இறங்குற புகையா இருக்கும், ஏறு" என்று சொல்ல வயர்லெஸ்ஸை வாய்க்குக் கொண்டுபோனான். சுருளியாண்டி அந்தக் கையைப் பிடித்தார். டீ இரண்டு பேர் மேலும் கொட்டிற்று. சிரிப்பு நின்றது. நுரை அவர் வாயோரம் வழிந்து கசந்தது. உள்ளே ஒருத்தன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்: ஓடையை விட்டுப் பாறைக்கு ஏறச் சொல், அது போதும், தூரைச் சொல்லாதே, தூரைச் சொன்னாலும் ஏழு என்று அவன் சொன்னதைச் சொல்லாதே, நாலு போதுமென்று நினைத்தேன் என்று சொல், ஐந்து ஊற்றினேன் என்று சொல். அவனை, நாற்பது வருஷமாகத் தன் வாயில் குடியிருக்கிற அவனை, சுருளியாண்டி முதல்தடவையாக முழுக் கோபத்தோடு பார்த்தார். டேய், வச்சது நீ. நட்சத்திரமும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. அந்தப் பிள்ளை தூக்குவாளியோடு நிற்கிறாள், பார். வாயைத் திற. ஓடையைச் சொல், தூரைச் சொல், நாலு குடத்தைச் சொல், காலையில் ஆறு மணியைச் சொல். ஒன்றைக்கூடக் குறைக்காதே. மிச்சம் வைத்த மூன்று குடத்தையும் இப்போதே, இங்கேயே ஊற்றுடா.